பூவரச இலையில் மடித்த வீடு

கெடார் சின்னதுரைக்கு ஒரே மகன் சேரன். அவன் கட்டியது வேறு யாரையும் இல்லை, சொந்த அத்தை மகளைத்தான். சின்னதுரையின் தங்கையைத் திண்டிவனத்தில் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு மூத்தது வல்லரசு, இளையது கலைப்பிரியா. கொடுத்த இடத்திலேயே பெண் எடுத்ததால் கல்யாணத்தில் யாருக்கும் யாரையும் அறிமுகம் செய்துவைக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

கலைப்பிரியா நர்ஸ் படித்தவள். திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. சேரனுக்கு விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் பைக் சீட் தைக்கிற கடை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் கெடாரில் பஸ் ஏறி, விழுப்புரத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துத் திண்டிவனம் போய் வந்துகொண்டிருந்தாள். பெண்குழந்தை லக்ஷிதா பிறந்து, ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிற வயதும் வந்தது. இனிமேல் இப்படி அலைய முடியாது, டவுனில் ஒரு மனை வாங்கி வீடு கட்டிவிடலாம் என்று பேச்சு வந்தது. எந்த டவுன் என்பதில்தான் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை.

சேரன் விழுப்புரம் என்றான். ஏரிக்குக் கிழக்கே புதிதாகப் பிரித்துப்போட்ட ஒரு நகரில் மனை பார்த்து வைத்திருந்தான். கலை திண்டிவனம் என்றாள். அவள் அண்ணன் வல்லரசு குடியிருக்கிற தெருவிலேயே ஒரு மனை விலைக்கு வந்திருந்தது.

"விழுப்புரம் ஜங்ஷன்டி. எங்க போவணும்னாலும் ரயிலு இருக்குது" என்றான் சேரன்.

"நான் எங்க மாமா போவப்போறேன்? ஆஸ்பத்திரிக்குத்தான் போவப்போறேன். அது திண்டிவனத்துல இருக்குது."

"சரி, என் கடை?"

"உனுக்கு வண்டி இருக்குது. காலைல பத்து மணிக்குத் தொறக்கற கடை. எனக்கு ஏழு மணி டூட்டி. நீயே சொல்லு, யாரு கிட்டத்துல இருக்கணும்?"

சேரன் உடனே பள்ளிக்கூடத்துக்குத் தாவினான். விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தைச் சுற்றிப்பார்த்துவிட்டு வந்திருந்தான். விளையாட இவ்வளவு பெரிய இடம், பஸ் வீட்டு வாசலுக்கே வரும் என்று கையை விரித்துக் காட்டினான்.

"திண்டிவனத்துலயும் நல்ல ஸ்கூல் இருக்குது. நடுவுல புள்ளைக்கு ஜுரம்னு போன் வந்தா ஓடிப்போய்த் தூக்கிகினு வர்றதுக்கு அங்க எங்க அண்ணி இருக்காங்க. இங்க யாரு இருக்காங்க?"

"வெலையப் பாரு. கலெக்டர் ஆபீஸ் இருக்கற ஊரு. மனை வெல வருஷா வருஷம் ஏறும்."

"ஏரி ஓரத்து மனையில வெலையா ஏறும்? தண்ணிதான் ஏறும்" என்றாள் கலை. வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

அவள் சொன்னது ஒவ்வொன்றும் சரி என்று சேரனுக்குத் தெரியும். தெரிந்தும் அவன் விடவில்லை. ஏனென்றால் அவன் மனசில் இருந்தது பஸ்ஸும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை, மனை விலையும் இல்லை. அவன் மனசில் இருந்தது ராஜாமணி சித்தப்பா.

ராஜாமணி, சின்னதுரைக்கு அடுத்துப் பிறந்தவர். பெண் கட்டின ஊரிலேயே மாமனார் வீட்டோடு தங்கிவிட்டார். சேரன் சின்னப்பிள்ளையாக அங்கே ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தபோது, பந்தியில் உட்கார்ந்த சித்தப்பாவை எழுப்பி, "மாப்ள, அப்பறமா சாப்ட்டுக்கலாம், ஜல்தி போய் சோடா வாங்கிகினு வாய்யா" என்று யாரோ அனுப்பினார்கள். சித்தப்பாவும் எழுந்து போனார். பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "வூட்டோட மாப்ளன்னா சும்மாவா, நாலு வேலையும் பாக்கணும்ல" என்று ஒருத்தர் சொன்னது சேரன் காதில் அப்படியே தங்கிவிட்டது. அன்றைக்கு சித்தப்பாவும் சிரித்துக்கொண்டேதான் சோடா வாங்கி வந்தார் என்பது மட்டும் எப்படியோ மறந்துபோயிற்று.

மச்சான் தெருவில், மாமியார் போய் வருகிற தூரத்தில், மச்சான் பார்த்துக்கொடுத்த மனையில் வீடு. ஊர் என்ன சொல்லும்? இதை வாய்விட்டுச் சொல்ல அவனுக்கு வெட்கம். சொன்னால் கலை சிரிப்பாள். அதனால்தான் பஸ்ஸையும் பள்ளிக்கூடத்தையும் முன்னால் நிறுத்தி அவற்றின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

பேச்சு வளர்ந்து சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வந்தபோது சின்னதுரை குறுக்கே வந்தார். மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தவர் முறத்தைத் தள்ளி வைத்தார்.

"இன்னாத்துக்குப்பா இந்த பேஜாரு? உங்க ரெண்டு பேரு நாயமும் தீராது. அம்மன்கிட்ட பூப் போட்டுக் கேட்டுடுங்க."

அவர்களுக்குக் குலதெய்வம் பச்சைவாழியம்மன். பெரிய காரியம் எதுவானாலும் அந்தக் குடும்பத்தில் பூப் போட்டுப் பார்க்காமல் முடிவு செய்வதில்லை. ஒரு இலையில் சிவப்புப் பூ, ஒரு இலையில் வெள்ளைப் பூ. இரண்டையும் ஒன்றுபோல மடித்து, நாரால் கட்டி, அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி கற்பூரம் காட்டினதும் வீட்டில் சின்னக் குழந்தை எதுவோ அதை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்த பூதான் வாக்கு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, கிணற்றில் போட்டுவிட வேண்டும். கலையைச் சேரனுக்குக் கேட்டபோதும் அங்கேதான் பூப் போட்டார்கள். அன்றைக்கு வந்தது வெள்ளை.

சிவப்பு விழுப்புரம், வெள்ளை திண்டிவனம் என்று வைத்துக்கொண்டார்கள். கலை உடனே ஒத்துக்கொண்டாள். "அம்மன் இன்னா சொல்லுதோ அதான் மாமா. நான் மறுபேச்சு பேச மாட்டேன்" என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமைக் காலை எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள். பூப் பறித்து மடித்து வரும் வேலை சேரனுக்கு. கோயிலுக்குப் பின்னால் மோட்டார் கொட்டகை ஓரம் சிவப்பு அரளியும் வெள்ளை நந்தியாவட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பூவரச இலை இரண்டைப் பறித்து, துடைத்து, ஒன்றில் அரளியை வைத்து மடித்தான். இன்னொன்றில் நந்தியாவட்டையை வைத்தான். மடிக்கப் போனான். அப்போது கோயில் வாசலில் வல்லரசு வந்து இறங்கின சத்தம் கேட்டது.

"இன்னா அத்த, எங்க தெருவுக்கே வந்துடப்போறான் போலக்கீதே உங்க புள்ள! வரட்டும், வரட்டும். சொகமா பாத்துக்கறோம்" என்று சேரனின் அம்மாவிடம் சொல்லி வல்லரசு சிரித்தான். விகல்பமில்லாத சிரிப்பு. அது சேரனுக்குப் பந்திச் சிரிப்பாகக் கேட்டது.

நந்தியாவட்டையை எடுத்துக் கீழே போட்டுவிட்டு இன்னொரு அரளியைப் பறித்து வைத்து மடித்தான். கை தானாகச் செய்துவிட்டது என்று பிறகு எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். கை தானாக ஒன்றும் செய்யாது.

கற்பூரம் காட்டினார்கள். லக்ஷிதா இடப்பக்கத்துப் பொட்டலத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். பிறகு என்ன தோன்றியதோ, வலப்பக்கத்தை எடுத்தாள். பூசாரி பிரித்தார். சிவப்பு.

கலையின் முகம் ஒரு நொடி சுருங்கியது. அடுத்த நொடி பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அம்மனே சொல்லிடுச்சி. அப்பறம் இன்னா?" என்றாள். மற்றப் பொட்டலத்துக்குச் சேரன் கையை நீட்டுவதற்குள், "குடுங்க, நான் கெணத்துல போட்டுட்டு வர்றேன்" என்று பூசாரியிடமிருந்து அவளே வாங்கிக்கொண்டாள்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வான்? அவள் கோயிலைச் சுற்றிப் பின்பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிரித்துப் பார்த்தாளா, பார்க்கவில்லையா? அன்றைக்கு அவன் நெஞ்சில் உட்கார்ந்த கேள்வி பிறகு எழுந்து போகவே இல்லை.

விழுப்புரத்தில் வீடு எழும்பியது. நல்ல வீடு. கலை தினமும் இருட்டு பிரியுமுன் எழுந்து ரயிலுக்கு ஓடினாள். சிக்னலில் வண்டி நின்றால் டூட்டிக்குத் தாமதம், டூட்டியில் தாமதமானால் திரும்புகிற வண்டி போய்விடும். பஸ்ஸுக்கு நின்றால் பாதி பஸ் பைபாஸிலேயே போய்விடும். லக்ஷிதாவுக்கு ஒருநாள் பள்ளிக்கூடத்தில் ஜுரம் தூக்கிப்போட்டபோது, கை நிறையப் பசையோடு கடையைப் போட்டது போட்டபடி ஓடியவன் சேரன். கலை வந்து சேர்ந்தபோது குழந்தை அப்பன் மடியில் தூங்கிப்போயிருந்தது. கலை அதன் காலை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் சண்டை போட்டிருந்தால் சேரனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி, "ஏம்மா கலை, வேலை பண்ற ஊருலயே வூடு பாத்திருக்கலாமே, இன்னாத்துக்கு இந்தப் பாடு?" என்று கேட்பாள். "இது அம்மன் குடுத்த வூடுங்க. நாம மாத்த முடியுமா?" என்பாள் இவள். அந்தப் பேச்சு வந்தாலே சேரன் மோட்டார் போடுகிற சாக்கில் வெளியே போய்விடுவான்.

செய்த தப்புக்கு ஈடு செய்கிறதாக நினைத்து அவன் எல்லா வேலையும் செய்தான். விடியலில் அவளை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டான். சோறு வடித்தான். மகளுக்கு இரட்டைப் பின்னல் போடக் கற்றுக்கொண்டான். ரயில் பலகையில் உட்கார்ந்து அவளுக்கு இடுப்பு வலி என்று தெரிந்ததும் பைக் சீட்டுக்குப் போடுகிற நல்ல ஸ்பாஞ்சு எடுத்து, கறுப்பு ரெக்ஸின் போட்டு, மடித்துப் பையில் வைக்கிற மாதிரி ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தான். வார்டில் அதைப் பார்க்காத நர்ஸ் இல்லை. "எங்க மாமா தெச்சிக் குடுத்தது. இப்டி ஒரு மனுஷன் யாருக்குக் கெடைப்பாங்க?" என்று அவள் சொல்லிக்கொண்டு திரிந்ததை வல்லரசு பெண்சாதி வந்து இவனிடமே சொன்னாள். சேரனுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை அம்மனுக்குப் பொங்கல் வைக்கப் போவார்கள். சேரன் அடுப்பை மூட்டுகிறேன், விறகை ஒடிக்கிறேன் என்று வெளியிலேயே நின்றுவிடுவான். உள்ளே போய் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

இப்படியே லக்ஷிதா வளர்ந்து ஆறாம் வகுப்புக்கு வந்தாள். அந்த வருஷம் கார்த்திகையில் புயல் வந்தது. கலை சொன்னதுபோலத் தண்ணிதான் ஏறியது. ஏரி நிரம்பி, புது நகர் முழுக்கப் பாய்ந்து, வீட்டுக்குள் கட்டில் உயரத்துக்கு நின்றது. கலை திண்டிவனத்தில் டூட்டியில் இருந்தாள். ரயிலை நிறுத்திவிட்டார்கள், ரோட்டிலும் போக முடியவில்லை. சேரன் மகளை முதுகில் சுமந்துகொண்டு பக்கத்து மாடி வீட்டுக்குப் போனான். போன் அணைந்துபோயிற்று. அம்மா இருக்கிறாளா என்று மகளுக்குத் தெரியவில்லை, மகள் இருக்கிறாளா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை.

தண்ணீர் வடியத் தொடங்கின பிறகு கலை வந்தாள். கொஞ்ச தூரம் பஸ், கொஞ்ச தூரம் யாருடைய டிராக்டரிலோ, மிச்சம் நடை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் வரைக்கும் சேற்றோடு வந்து நின்றாள். மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தாள்.

மூன்று பேரும் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். லக்ஷிதா திடீரென்று வாளியை வைத்துவிட்டு மொட்டைமாடிப் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னா பாப்பா? தண்ணி போயிடுச்சில்ல, இன்னாத்துக்கு அழுவற?" என்றாள் கலை.

"எல்லாம் என்னாலதாம்மா."

"உன்னாலயா? நீயா ஏரிய ஒடச்சி வுட்ட?"

"நான்தானம்மா பூ எடுத்தேன். மொதல்ல அந்தப் பக்கம்தான் எடுக்கப் போனேன். அப்பறம் கைய மாத்திட்டேன். மாத்தாம இருந்திருந்தா வெள்ள வந்திருக்கும். நீ தெனம் ரயில்ல போவ வேணாம். வூட்ல தண்ணி வந்திருக்காது." விக்கி விக்கி அழுதாள். "யாருகிட்டயும் சொல்லல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. நான் தப்பா எடுத்துட்டேன்."

சேரன் சேறு தள்ளுகிற பலகையைப் பிடித்தபடி நின்றான். இத்தனை வருஷமாக அந்தப் பாரத்தைத் தான் ஒருத்தன் சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான். தன் பாவம் அத்தனை நாளும் அந்தச் சின்ன முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது அவனுக்குத் தெரியாது.

"நீ தப்பா எடுக்கல பாப்பா" என்றான். "எத எடுத்திருந்தாலும் செவப்புதான் வந்திருக்கும்."

கலை திரும்பிப் பார்த்தாள். "இன்னா மாமா சொல்ற?"

"ரெண்டுலயும் அரளிதான் வெச்சேன்."

துடைப்பம் நின்றது.

"நீ அந்தப் பொட்டலத்தப் பிரிச்சிப் பாத்தியா கலை?" என்று கேட்டான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அம்மனுக்கு வெச்சத யாரு மாமா பிரிப்பாங்க?" என்றாள் அவள். "கண்ண மூடிகினு கும்புட்டுட்டுப் போட்டேன். என் மனசுல இருக்கற ஆசையும் இதோட போவட்டும்னு வேண்டிகினு போட்டேன்."

அவனுக்கு அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

"ஏன் செஞ்ச? அதச் சொல்லு. ரயிலுக்காவா? ஸ்கூலுக்காவா?"

அவன் சொன்னான். ராஜாமணி சித்தப்பாவைச் சொன்னான், பந்தியைச் சொன்னான், சோடாவைச் சொன்னான். சொல்லச் சொல்ல அது சின்னதாகிக்கொண்டே போயிற்று. இவ்வளவுதானா என்று அவனுக்கே தோன்றியது.

"எங்க அண்ணன் தெருவுல இருந்தா உன் மீச உதுந்துடும், அதான?" என்றாள் கலை. பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "எனக்கு உங்கண்ணன் தெரு வேணாம், வேற தெருவுல பாருன்னு ஒரு வார்த்த சொன்னியா நீ? திண்டிவனத்துல ஒரே ஒரு தெருதான் இருக்குதா? வாயத் தொறந்து சொல்லத் தெரியாத நீ அம்மன் வாயில போய் வார்த்தைய வெச்சியே! நான் பஸ்ஸு, ஸ்கூலு, வெலைன்னு கரடியா கத்தனேனே, நீ எதுக்குப் பதில் சொல்லிகினு இருந்த?"

லக்ஷிதா அழுகையை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப நான் எடுத்தது தப்பு இல்லயாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லடி என் தங்கம்" என்று கலை போய் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். "எடுக்கறதுக்கு உனுக்கு ஒன்னுமே இல்ல அங்க."

அதற்குப் பிறகு கலை அவனிடம் பேசவில்லை என்றால் அது பொய். பேசினாள். சோறு ஆயிடுச்சி, கேஸ் தீந்துடுச்சி, பாப்பாவுக்கு பீஸ் கட்டணும், எல்லாம் பேசினாள். மாமா என்கிற ஒரு சொல் மட்டும் அவள் வாயிலிருந்து வரவில்லை. சேரனால் அதைக் கேட்டு வாங்கவும் முடியாது.

பொங்கல் கழிந்து ஒருநாள் அவனே பேச்சை எடுத்தான். "பரீச்ச முடிஞ்சதும் திண்டிவனம் போயிடலாம். இந்த வூட்ட வாடகைக்கு வுட்டுடலாம். வித்தாலும் இப்ப யாரும் வாங்க மாட்டாங்க."

"பாப்பாவக் கேக்கணும். அதுக்கு இங்க கூட்டாளிங்க இருக்காங்க" என்றாள் கலை.

இந்தத் தடவை பூ எதுவும் போடவில்லை. மூன்று பேரும் உட்கார்ந்து, மனசில் இருப்பதை ஒவ்வொருத்தராக வாய்விட்டுச் சொன்னார்கள். லக்ஷிதாவுக்குக் கூட்டாளிகளை விட்டுப் போக வருத்தம்தான், ஆனால் அம்மா ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பாள் என்றால் வருவேன் என்றாள். கலை எந்தத் தெருவானாலும் சரி என்றாள். சேரன் முறை வந்தபோது, "உங்க அண்ணன் தெருவுலயே பாரு. பாப்பாவுக்கு அத்த கிட்டத்துல இருப்பாங்க" என்றான்.

குடிபோன அன்றைக்கு வல்லரசுதான் பீரோவுக்குத் தோள் கொடுத்தான். "வாய்யா வூட்டோட மாப்ள! இத்தினி வருஷம் லேட்டு" என்று தெருவே கேட்கச் சொன்னான். தெரு சிரித்தது. சேரனும் சிரிக்கப் பார்த்தான். பயந்ததுபோல ஒன்றும் வலிக்கவில்லை. இதற்காகவா அத்தனையும் என்று நினைத்தபோதுதான் வலித்தது.

இப்போது, வண்டி இருந்தும், காலையில் ரயிலுக்கு ஓடுவது சேரன். மயிலத்தில் கூட்டம் ஏறும், விக்கிரவாண்டிக்கு மேல் சிக்னலில் நிற்கும். அந்தக் கறுப்பு ரெக்ஸின் மெத்தையை அவன்தான் எடுத்துப்போகிறான். அவள் உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் ஸ்பாஞ்சு அழுந்திப் பள்ளமாகிவிட்டது. கடையில் புது ஸ்பாஞ்சு அடுக்கி வைத்திருக்கிறான், மாற்றுவதற்கு ஒரு மதியம் போதும். அவன் மாற்றவில்லை. அந்தப் பள்ளத்திலேயே உட்கார்ந்து போய் வருகிறான்.

சாயங்காலம் திரும்பும்போது ஸ்டேஷன் வாசலில் பக்கோடா வாங்குவான். மகளுக்கு ஒரு பொட்டலம், கலைக்கு ஒரு பொட்டலம். இரண்டும் ஒரே சட்டி, ஒரே காகிதம். கொண்டுவந்து மேசையில் வைத்து, "எது வேணுமோ எடுத்துக்க பாப்பா" என்பான்.

லக்ஷிதா கோபமாக ஒன்றும் இருக்கமாட்டாள். பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்லிக்கொண்டேதான் வருவாள். வந்து, இரண்டு பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒன்றை எடுப்பாள். உள்ளேயிருந்து கலை, "நல்லா பாத்து எடுத்தியா?" என்று கேட்பாள். மகள் எடுத்துக்கொண்டு போகிற வரைக்கும் சேரன் சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பான்.